ஏழு மைனஸ்

எனக்கு முழங்கால் வலி உண்டு. எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. ஆகவே லிஃப்ட் என்பது மற்றவர்களுக்கு வசதி, எனக்கு அது இன்னொரு கால். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த முழங்காலில்தான் வந்து நிற்கின்றன.

எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லி இந்த அறையையும் இந்தக் கம்ப்யூட்டரையும் காட்டினீர்கள். விசைப்பலகையில் யாரோ தேநீரைக் கொட்டியிருக்கிறார்கள், சில எழுத்துகள் ஒட்டுகின்றன. பரவாயில்லை, துடைத்துவிட்டேன். இதில் நான் ஆச்சரியக்குறியோ கேள்விக்குறியோ எங்கேயும் போடப் போவதில்லை. பிற்பாடு நீங்கள் இதில் எதையாவது தேட வேண்டியிருந்தால் அவை இடைஞ்சலாக இருக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி லிஃப்ட் பொருத்துகிறது, பழுதும் பார்க்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு மெக்கானிக்கும் தலையணை கனத்துக்குக் கையேடுகளைப் பையில் சுமந்துகொண்டு ஊர் முழுக்க அலைவார். அந்தக் கையேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அவர்களுடைய ஃபோனில் ஒரு தேடல் பெட்டி வைத்துக் கொடுத்தோம். லிஃப்ட் எந்த ரகம் என்று தேர்ந்தெடுத்து, அதன் பலகையில் என்ன எண் எரிகிறதோ அதை அடித்தால் போதும். என்ன கோளாறு, என்ன செய்ய வேண்டும் என்று வந்துவிடும். அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு நான்.

தேடல் இயந்திரம் நாங்கள் செய்தது இல்லை, தயாராக வாங்கியது. அதற்கென்று சில குணங்கள் உண்டு. ஒரு சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால், அந்தச் சொல் இருப்பதையெல்லாம் ஒதுக்கிவிடு என்று எடுத்துக்கொள்ளும். நட்சத்திரம் போட்டால், எது வந்தாலும் சரி என்று அர்த்தம். அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால் மூடுவதற்காகக் காத்துக்கொண்டே நிற்கும். மெக்கானிக்குகளோ கிரீஸ் கையோடு எதையும் அடிக்கிறவர்கள். சாய்வுக்கோடு, கூட்டல், கழித்தல், சதவீதம் என்று அவர்கள் தொழிலில் குறி இல்லாமல் ஒரு திருகாணி கூடக் கிடையாது. இயந்திரம் மிரண்டுபோய், கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும்.

கிடைக்கவில்லை என்ற சொல்தான் எங்கள் மேலாளருக்கு ஆகாது. அவரை நாங்கள் பச்சை என்று சொல்வோம், அவர் காது கேட்காத தூரத்தில். தேடல்களில் எத்தனை தோற்றன என்று காட்ட அவர் சுவரில் ஒரு திரை மாட்டியிருந்தார். நிறையத் தோற்றால் சிவப்பு, தோற்காவிட்டால் பச்சை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்குப் பச்ச வேணும். எப்படிக் கொண்டுவருவீங்கன்னு எனக்குத் தெரிய வேணாம்."

சொன்ன சொல் தவறாத மனிதர். கடைசிவரை தெரிந்துகொள்ளவே இல்லை.

வழி இரண்டு இருந்தது. முதல் வழி, ஒவ்வொரு குறிக்கும் முன்னால் காவலுக்கு இன்னொரு குறியை நிறுத்தி, இது கட்டளை இல்லை, எழுத்துதான், அப்படியே தேடு என்று இயந்திரத்துக்குப் புரியவைப்பது. பிறகு கையேடுகளையும் குறிகளோடு சேர்த்துத் திரும்பப் படிக்கவைப்பது. எனக்கு இது தெரியாது என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம், நன்றாகவே தெரியும். இரண்டாவது வழி, குறிகள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, மிஞ்சிய எழுத்தையும் எண்ணையும் மட்டும் தேடுவது. அதற்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

நான் ஒரு வரி எழுதினேன். மறுநாள் காலை திரை வெற்றிலை மாதிரி பச்சையாக இருந்தது.

அதன்பிறகு எங்கள் பெட்டியில் எதைத் தேடினாலும் ஏதோ ஒன்று கிடைத்தது. ஒருவர் வெறுப்பில் வெறும் கேள்விக்குறிகளாக அடித்துப் பார்த்திருக்கிறார். குறிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறுமை, வெறுமையைத் தேடினால் கையேடு முழுவதும் வரும். அவருக்கு முழுக் கையேடும் வந்தது. அதுவும் கிடைத்ததாகத்தான் கணக்கு.

பச்சை எனக்குத் தலைசாய்ப்பு வைத்த நாற்காலி கொடுத்தார். எங்கள் தளத்தில் அந்த மாதிரி நாற்காலி அவருக்கும் எனக்கும் மட்டும்தான். புத்தகக் கையேடுகளைத் திரும்ப வாங்கி எடைக்குப் போட்டார்கள். ஒரு விதியும் வந்தது. தேடலில் முதலாவதாக வருவதைச் செய்ய வேண்டும், செய்தேன் என்ற பொத்தானை அழுத்த வேண்டும், அப்போதுதான் வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். சொந்தப் புத்தியைப் பயன்படுத்த அதில் பொத்தான் கிடையாது. விதியை எழுதியது நான் இல்லை. படித்துப் பார்த்து, தமிழில் இருந்த பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி, எங்கள் கம்பெனியிலேயே மெக்கானிக். வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிற ஆள். விடுமுறை நாளில் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். வந்தால் வீட்டில் இருக்கிற எல்லாக் கதவின் கீலுக்கும் எண்ணெய் விடுவான், யாரும் கேட்காமலே. அக்காவும் தம்பியும் சமையலறையில் நின்று பேசுகிற பேச்சுக்கு முடிவே இருக்காது. எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் இல்லை என்று முன்பே சொன்னேன். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் திரும்பவும் சொல்கிறேன்.

முதல் புகார் அவனிடமிருந்துதான் வந்தது. வீட்டில் சொல்லியிருக்கலாம், முறையாக அலுவலகப் புகார்ப் பக்கத்தில் போட்டான். எங்கள் லிஃப்டுகளில் 7 என்று எரிந்தால், ஆள் குறுக்கே நிற்பதைப் பார்க்கிற கதவுக் கண்ணில் தூசி. துடைத்துவிட்டு ஓடவிடலாம். 7- என்று எரிந்தால் மேலே மோட்டாரைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் தேய்ந்துவிட்டது. ஓடவிடவே கூடாது, லிஃப்டுக்குள்ளும் அதன் அடியிலும் ஆள் இருக்கக் கூடாது. தேடல் பெட்டியில் 7- அடித்தால் தூசிதான் முதலில் வருகிறது என்பது அவன் புகார்.

வரத்தான் செய்யும். கழித்தல் குறியை நான்தான் எறிந்துவிட்டேனே. இரண்டும் இயந்திரத்துக்கு ஒரே ஏழு. ஒரே மாதிரி இரண்டு இருந்தால் அதிகம் பேர் திறந்த பக்கத்தை அது மேலே வைக்கும். தூசி தினமும் படிகிறது, பிரேக் தினமும் தேய்வதில்லை. ஒரு சின்னக் கோட்டில் ஓர் உயிரைத் தொங்கவிட்டது கையேடு எழுதிய பொறியாளர்கள். அவர்களை யாரும் இந்த அறையில் உட்காரவைத்ததாகத் தெரியவில்லை.

தேடலுக்கு முடிவு கிடைத்துள்ளது, புகார் முடிக்கப்பட்டது என்று பதில் எழுதினேன். திரும்பவும் போட்டான். திரும்பவும் முடித்தேன். பிறகு அவன் மெக்கானிக்குகளின் ஃபோன் குழுவில், மைனஸ் வந்தால் பெட்டியை நம்பாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள் என்று போட்டுவைத்தான். ஆட்களும் கூப்பிட்டார்கள். ஒரு கம்பெனியின் தேடல் பெட்டி செய்ய வேண்டிய வேலையை ஒரு தனி ஆள் செய்வது ஒழுங்கு இல்லை. ஆனால் நான் பெரிதுபடுத்தவில்லை.

சாப்பாட்டு மேசையில்தான் அது கொஞ்சம் அதிகமாயிற்று.

"அக்கா, மாமா கடை வச்சா எப்படி இருக்கும் தெரியுமா. உப்பு இருக்கான்னு கேட்டா சர்க்கரையக் கட்டிக் குடுத்துட்டு, ரெண்டும் வெள்ளதானேம்பாரு."

"சும்மா இருடா," என்றாள் என் மனைவி. சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

"நான் என்ன வேணும்னேவா பண்றேன். அந்தக் குறியெல்லாம் போட்டா பெட்டி நின்னுபோகுது," என்றேன்.

"மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தின கதையால்ல இருக்கு மாமா."

அதற்கு அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு வலித்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை, மனிதனுக்கு வலிக்கும். குழம்பை இன்னொரு முறை ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் என் கையைப் பிடித்து எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு அழைத்துப் போனான். அங்கே லிஃப்டின் மோட்டார் அறை. எண்ணெய் வாசனை, வெக்கை, சுவரெல்லாம் கரி. என்னைக் குனியச் சொல்லி, மோட்டாருக்குப் பக்கத்தில் கவ்விப் பிடித்திருந்த ஓர் இரும்புப் பிடியைக் காட்டினான். அப்போது அவன் சிரிக்கவில்லை.

"மாமா, வெளையாட்டு இல்ல. இது தேஞ்ச பிறகு கரண்ட் குடுத்தா, உள்ள இருக்கறவனும் போவான், அடியில இருக்கறவனும் போவான். நீங்க தினம் இதுலதான் போறீங்க. அக்காவும் போறா."

நான் அந்தப் பிடியைப் பார்த்தேன். அதுவரை எனக்கு 7- என்பது திரையில் ஓர் எழுத்து. அன்றைக்குத்தான் அது என் தலைக்கு மேலே மொட்டைமாடியில் தினமும் தொங்குகிற பொருள் என்று புரிந்தது. நன்றாகப் புரிந்தது. பார்க்கிறேன் என்று சொன்னேன்.

பார்க்கவும் செய்தேன். மறுநாளே உட்கார்ந்தேன். எல்லா ரகத்துக்கும் சரிசெய்வது என்றால், திரும்பப் படிக்கவைத்து, சோதித்து, வாரக்கணக்கில் ஆகும் என்று நினைத்தேன். அதற்குள் திரை சிவந்துவிடும். கம்பெனி இயக்குநர்கள் தேடல் பெட்டியைப் பார்வையிட வரவிருந்தார்கள். எனக்குத் துணை மேலாளர் பதவி பேச்சில் இருந்தது. எங்கள் கட்டடத்தில் இருப்பதோ பழைய ரகம், ஊரில் சிலதான் மிச்சம். அந்த ரகத்துக்கு மட்டும் குறிகளை எறியாதே என்று விதிவிலக்கு எழுதினேன். திரையில் ஒரு நூல் கூடச் சிவக்கவில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த முறை வந்தபோது மச்சான் எங்கள் லிஃப்டிலேயே நின்று ஃபோனில் 7- அடித்துப் பார்த்திருக்கிறான். பிரேக் பக்கம் சரியாக வந்திருக்கிறது. செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். கிரீஸ் வாசனை.

"மாமா, சரி பண்ணிட்டீங்க. நான்தான் வாய் ஜாஸ்தியா பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க. அக்கா, மாமா லேசுப்பட்ட ஆள் இல்ல."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை. அன்று சாப்பாட்டில் எனக்குத்தான் முதலில் பரிமாறினாள். நான் அவனிடம், எல்லா ரகத்துக்கும் செய்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு ரகத்துக்குத்தான் செய்தேன் என்றும் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அங்கேயே, என் சோபாவில் உட்கார்ந்தபடி, அவன் மெக்கானிக்குகளின் குழுவில் செய்தி போட்டான். பெட்டி சரியாகிவிட்டது, மைனஸும் ஒழுங்காக வருகிறது, இனி நம்பிச் செய்யலாம் என்று எழுதினான். எழுதிவிட்டு என்னிடம் காட்டினான். படித்துவிட்டு, சரி என்றேன்.

இயக்குநர்கள் வந்த நாள். பெரிய கூடத்தில் திரை. நான் மேடையில் நின்று, எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், தேடிக் காட்டுகிறேன் என்றேன். அவர்கள் சொன்னதெல்லாம் கிடைத்தது. பச்சை, முன்வரிசையில் உட்கார்ந்து தன் பெண்ணின் கல்யாணத்தைப் பார்க்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் ஃபோன் அடித்தது. ஏசிக்காரர். முன்பு எங்கள் குளிர்சாதனப் பிரிவில் இருந்துவிட்டு லிஃப்டுக்கு மாற்றப்பட்டவர், அதனால் அந்தப் பெயர். அன்று என் மச்சானோடு ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் போயிருந்தார். கீழே ஏதோ சத்தம் வருகிறது என்று அங்கிருந்து புகார். மச்சான் லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட, இவர் மேலே மோட்டார் அறையில். குழிக்குள் சிக்னல் எடுக்காது.

கதவோரம் ஒதுங்கிப் பேசினேன்.

"சார், இங்க பலகையில ஏழு மைனஸ்னு எரியுது. தேடினா ஏழுதான் காட்டுது, கண்ணத் தொடச்சுட்டு ஓடவிடுன்னு போட்டிருக்கு. தொடச்சுட்டேன். ஆனா எனக்கு என்னமோ இடிக்குது சார். உங்க மச்சான் கீழ குழியில இருக்காரு, ஃபோன் போகல."

"தேடலப் பத்தி அவன் என்ன சொன்னான்."

"பெட்டி சரியாயிடுச்சு, வர்றதப் பண்ணுங்கன்னு சொல்லிட்டுத்தான் எறங்கினாரு."

கூடத்தில் பச்சை என்னைத் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் ஒருவர் ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பெட்டி தவறு என்று அந்த இடத்தில் நின்று என்னால் சொல்ல முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். வந்ததப் பண்ணுங்க," என்றேன்.

ஓடவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வந்ததைச் செய்யுங்கள் என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, சட்டம் படித்த உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஏசிக்காரர் கரண்ட் கொடுத்தார். லிஃப்ட் குழிவரை கீழே வந்தது. அவர் செய்தேன் பொத்தானையும் அழுத்தியிருக்கிறார். கதவுக் கண் மிகச் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. பாவம், இப்போது அவர் யாரோடும் பேசுவதில்லையாம்.

முழு ஒப்புதல் வேண்டும் என்றீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் இருப்பது புதிய ரகம் என்று தெரியும். அடியில் யார் இருக்கிறான் என்று தெரியும். அவன் யாரை நம்பி இறங்கினான் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். சொல்லிவிட்டு மேடைக்குத் திரும்பி, அந்த இயக்குநர் கேட்டதைத் தேடிக் கொடுத்தேன். கைதட்டினார்கள்.

விபத்துக்குப் பிறகு மற்ற ரகங்களையும் சரிசெய்யச் சொன்னார்கள். செய்தேன். வாரக்கணக்கில் ஆகவில்லை, ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. திரையும் சிவக்கவில்லை.

வந்தவர்கள் எல்லாம் போய் வீடு காலியானபின் என் மனைவி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"சரி பண்ணிட்டீங்கன்னு சொன்னானே. உங்களக் கட்டிப்பிடிச்சானே. அப்புறம் எப்படி."

அவள் மனம் ஆறட்டும் என்று உள்ளதைச் சொன்னேன். "பண்ணினேன்ம்மா. நம்ம லிஃப்டுக்குப் பண்ணினேன். நீ தினம் ஏறி எறங்கறது இல்லையா, அதுக்குத்தான் மொதல்ல பண்ணினேன்."

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், நெடுநேரம். அழவில்லை. ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் யாரை நினைத்து அந்த விதிவிலக்கை எழுதினேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதல்லவா.

அந்த விதிவிலக்கு உங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரிலும் அது இப்போது இல்லை, எல்லா ரகத்துக்கும் சரிசெய்தபோது தேவையில்லாமல் போய்விட்டது, நீக்கிவிட்டேன். நான் வாய் திறந்து சொன்னது ஒரே ஒருத்தியிடம். அவள் என் மனைவி. எங்கேயாவது போய் யாரிடமாவது பேசுகிறவளும் இல்லை, அதிலும் இப்போது ஒருவரிடமும் பேசுவதே இல்லை.

ஒரே ஒரு விஷயம்தான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவளுக்கும் என் வயதுதான், மூச்சு வாங்குகிறது. கையில் பையோடு தளத்துக்குத் தளம் நின்று நின்று வருகிறாள். இன்று காலை என்னோடு இங்கே புறப்பட்டபோதும் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நான் கூப்பிட்டேன். ஊரிலேயே பயமில்லாமல் ஏறக்கூடிய லிஃப்ட் நம்முடையதுதான், அதை முதலிலேயே நான் சரிசெய்துவிட்டேன் என்று எத்தனை முறை சொன்னாலும், அவள் படியில்தான் இறங்கிப் போகிறாள்.